சலவைக்கல்லில் யாருக்கு இடம்?

தஞ்சாவூர் சிவகங்கைக் கோட்டைக்குள் உள்ள ஷ்வார்ட்ஸ் தேவாலயத்தில் ஒரு வெள்ளைச் சலவைக்கல் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. பாதிரியார் ஷ்வார்ட்ஸ் சாகக் கிடக்கிறார். அவர் கையைப் பற்றி நிற்கிறார் இரண்டாம் சரபோஜி. கூடவே இரண்டு அரண்மனை அதிகாரிகள், தலைமாட்டில் மிஷனரி கெரிக்கே, கட்டிலோரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூன்று பேர். செய்தவர் ஆங்கிலேயச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் (1755-1826). 'வெள்ளைக்காரன் கட்டில்கிட்ட நம்ம ராஜா' என்று இதைக் காலனிய விசுவாசத்தின் படமாக வாசித்து முடித்துவிடுவது சுலபம். எனக்கு அந்த வாசிப்பு போதவில்லை.

ஃபிளாக்ஸ்மனின் தகப்பனார் பிளாஸ்டர் வார்ப்புகள் செய்து விற்றவர். மகன் 1775 முதல் வெட்ஜ்வுட் பீங்கான் பட்டறைக்கு மாதிரி உருவங்கள் செய்து பிழைத்தார். நீலப் பீங்கான்மேல் படியும் மெல்லிய வெள்ளை உருவங்கள். ஆழம் கிடையாது, கோடுதான் எல்லாம். 1787 முதல் ஏழு வருஷம் ரோமில் இருந்து படித்தபிறகும் அந்தக் கோடு அவரை விடவில்லை. சோறு போட்டது சாவு. ஊர் ஊராகத் தேவாலயச் சுவர்களுக்கு நினைவுச் சின்னங்கள் செய்தார். இந்தியாவிலிருந்து திரும்புகையில் 1784இல் கப்பலிலேயே செத்துப்போன சாரா மோர்லியை, குழந்தையோடு அலைகளுக்கு மேலே எழுகிறவளாக க்ளஸ்டர் பேராலயத்தில் செதுக்கினார். துக்கத்தை முகத்தைவிட உடம்பின் வளைவில் காட்டத் தெரிந்தவர். சரபோஜியின் துக்கமும் அப்படித்தான் வருகிறது. இந்தியாவையோ சரபோஜியையோ அவர் பார்த்ததே இல்லை.

இதே சிற்பி ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி கல்லூரியில் வில்லியம் ஜோன்ஸுக்குச் செய்த சின்னத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜோன்ஸ் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறார். மூன்று இந்தியர்கள் தரையில். சட்டம் சொன்னவன் கீழே, எழுதிக்கொண்டவர் மேலே. அந்தச் சின்னத்தை வைத்தது ஜோன்ஸின் மனைவி. தஞ்சாவூர்ச் சிற்பத்துக்குக் காசு கொடுத்தது சரபோஜி. கொடுத்தவர் நிற்கிறார், வெள்ளைக்காரர் படுத்திருக்கிறார். உளி ஒன்றுதான், பணம் எங்கிருந்து வந்ததோ அதற்கேற்ப உடம்புகள் இடம் மாறுகின்றன.

சரபோஜியிடம் அப்போது என்ன மிச்சம்? 1799 ஒப்பந்தத்தோடு ராஜ்யம் கும்பினிக்குப் போயிற்று. கோட்டையும் ஓய்வூதியமும்தான் கையில். சிறுவயதில் அரண்மனைப் பகையிலிருந்து தன்னைக் காப்பாற்றிப் படிக்கவைத்த மனிதருக்காக அவர் அழுதது நிஜம் என்றே நினைக்கிறேன். அந்த அழுகையின் வழியாக, ராஜாவாக நிற்க ஓர் இடத்தையும் வாங்கிக்கொண்டார். கல்லில் அவரை யாரும் பதவியிறக்க முடியாது.

சரி, காசில்லாதவர்கள் எங்கே? ஷ்வார்ட்ஸோடு உழைத்து, 1790இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் அங்கே இல்லை. பிள்ளைகள் இருக்கிறார்கள், பெயர் இல்லை, சாதியும் இல்லை. ஆனால் தஞ்சைச் சபையில் சாதி இருந்தது. வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், பறையர் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம் என்றுதான் உட்கார்ந்தார்கள். ஷ்வார்ட்ஸ் அதைப் பொறுத்துக்கொண்டார். அவருடைய மாணவர் வேதநாயக சாஸ்திரியார் 1829இல் சாதி வழக்கத்துக்கு ஆதரவாக வாதாடி எழுதினார். 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை ஒழிக்க உத்தரவு போட்டபோது தஞ்சாவூர் கொதித்தது.

ஃபிளாக்ஸ்மனின் கிரேக்கக் கோட்டுக்கு இது எட்டாது. எல்லா உடம்பும் அதற்கு ஒரே வழவழப்புதான். தீண்டலும் தீண்டாமையும் இருந்த ஊரில், தடையில்லாமல் தொட்டுக்கொள்ளும் ஒரு சாவுப் படுக்கையை அது உண்டாக்கித் தருகிறது. இந்த அழகில்தான் சிற்பத்தின் அரசியல் இருக்கிறது. ராஜா பணிந்தாரா, நிமிர்ந்தாரா என்ற சர்ச்சை அதை மறைத்துவிடுகிறது.

சிற்பத்தை உடைக்கச் சொல்லவில்லை. அதன் துக்கம் என்னையும் தொடுகிறது. சுவரில் இருக்கும் சலவைக்கல்லைப் பார்க்கிறவர்கள், கீழே சனங்கள் பிரிந்து உட்கார்ந்த தரையையும் சேர்த்துப் பார்க்கட்டும். இரண்டும் ஒரே பிரதி.