பெயருள்ள ஊரும் எண்ணிட்ட வட்டமும்

திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வழங்கிய 'இறைவா உமக்கே புகழ்' என்னும் திருமடலை மரங்களையும் ஆறுகளையும் பற்றிய ஏடாகவே நம்மில் பலர் கருதிவிட்டோம். அதன் நான்காம் அதிகாரத்தில் 147 முதல் 154 வரையுள்ள பத்திகள், மனிதர் குடியிருக்கும் வீட்டையும் தெருவையும் பற்றிப் பேசுகின்றன. அப்பகுதியை நெய்வேலிக்கு அருகிலுள்ள வளையமாதேவியை மனத்தில் கொண்டு படித்தால், அதன் வலிமையும் புலப்படும். அது தொடாமல் விட்ட இடமும் புலப்படும்.

வாழும் சூழல் மனிதரின் எண்ணத்தையும் செயலையும் உருவாக்குகிறது என்பதே இப்பகுதியின் அடிப்படை. வீடு கூரை மட்டுமன்று; அது மாண்பின் உறைவிடம். மக்களை இடம்பெயர்க்க நேர்ந்தால் முன்கூட்டியே செய்தி சொல்ல வேண்டும். தகுந்த மாற்றிடங்களைக் காட்ட வேண்டும். முடிவெடுப்பதில் அவர்களுக்கும் பங்கு வேண்டும் என்கிறது 152ஆம் பத்தி. இவ்வளவு தெளிவான அளவுகோலைத் தந்தது இம்மடலின் பெருமை.

இனி நெய்வேலிக்கு வருவோம். 1956இல் நிலக்கரி நிறுவனம் தோன்றியபின் இங்கே நகரியம் எழுந்தது. அகன்ற சாலை, நிழல் மரம், பள்ளி, மருத்துவமனை, பதவிக்கேற்ற வீடு என யாவும் வகுத்து அமைக்கப்பட்டன. அதன் பகுதிகளுக்கு ஊர்ப்பெயர் இல்லை. எண்ணிட்ட வட்டங்களே முகவரி. அந்த எண்ணுக்குள் இருப்பவருக்கு மாதச் சம்பளத்தோடு மருத்துவமும் கல்வியும் அருகிலேயே கிடைக்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளர் பலரோ வெளியே குடியிருந்து உள்ளே உழைக்கின்றனர். சுரங்கத்துக்கு நிலம் ஈந்த ஊர்கள் மண்மேட்டின் மறுபுறம் நிற்கின்றன. ஒரே மண்ணின் செல்வம் முகவரியைப் பார்த்துப் பங்கிடப்படுகிறது.

2023 ஜூலையில் பரவனாற்றின் மாற்றுக் கால்வாய்க்காக, வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களில் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. நிலம் 2006க்கும் 2013க்கும் இடையிலேயே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். சென்னை உயர் நீதிமன்றம் பயிரிழப்புக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்கப் பணித்தது. நிலத்துக்கு விலை உண்டு; பயிருக்கும் விலை கண்டாயிற்று. அக்கம்பக்கத்துக்கு விலை எது? ஏழைக்குப் பக்கத்து வீடே வங்கி. அதுவே குழந்தைகள் காப்பகம். நடந்து சென்றடையும் வயலே வேலைவாய்ப்பு அலுவலகம். கடனுக்கு அரிசி தரும் கடைக்காரர் அவன் முகத்தை அறிந்தவர். வசதியுள்ளவர் எங்குச் சென்றாலும் இவற்றைப் பணம் கொடுத்துப் பெறலாம். ஏழையைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டால், கையில் தொகை இருக்கும். இந்தச் செல்வம் இராது. ஆகவே ஒரே இழப்பீடு இருவருக்கும் ஒரே நீதி ஆகாது.

திருமடலின் இப்பகுதி போதாமற்போவது இங்கேதான். அது பெரிதும் நகரத்தின் நெரிசலையும் சேரிகளையுமே கருதுகிறது. 154ஆம் பத்தி சிற்றூர்களை நினைவுகூர்கிறது; ஆயினும் கைவிடப்பட்ட இடங்களாகவே அவற்றைக் காண்கிறது. வளையமாதேவியின் துயரம் யாரும் திரும்பிப் பாராத துயரமன்று; அதன் நிலத்தின்மீது பிறர் கண் விழுந்த துயரம். புறக்கணிப்புக்கு மருந்து சாலையும் பள்ளியும் ஆகலாம். விரும்பிக் கவரப்படும் ஊருக்கு அம்மருந்து போதுமா?

இவ்விடத்தில் திருமடலினும் விவிலியம் ஆழமாகச் செல்கிறது. அரசர்கள் முதல் நூலின் 21ஆம் அதிகாரத்தில் ஆகாபு முதலில் நாபோத்திடம் வன்முறை காட்டவில்லை. இன்னும் நல்ல தோட்டம் தருவதாகவும், விரும்பினால் பணம் தருவதாகவும் கூறுகிறான். இன்றைய அளவில் அது நியாயமான இழப்பீடே. நாபோத்து மறுக்கிறான்; மூதாதையரின் உரிமைச் சொத்து அவனுக்கு விற்பனைப் பொருளன்று. 'வேண்டாம்' என்னும் சொல்லுக்கு இடமில்லாத பேரத்தில் விலை எவ்வளவு உயர்ந்தாலும் அது பேரமாகாது என்பதை அடுத்து நிகழும் கொலை காட்டிவிடுகிறது.

ஆயினும் நாம் ஊரைப் பொற்கோயிலாக்கிவிடக் கூடாது. நம் ஊர்களுக்குள்ளும் ஊர்த்தெரு வேறு, சேரி வேறு. பட்டா உள்ளவர் இழப்பீட்டுக்கு வாதாடும்போது, அதே வயலில் களை பறித்த கூலிப்பெண்ணின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாமற் போகலாம். நிலமற்ற உழைப்பாளரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்றது 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம். மண்ணுக்காகப் பேசுவோர் அம்மண்ணில் உழைத்தவரையும் எண்ண வேண்டும்.

இம்மடலை வாசிக்கும் நம் இல்லங்களில் எரியும் விளக்குக்கும் நெய்வேலியின் மின்சாரத்தில் பங்குண்டு. ஆகவே இது பிறர் வழக்கன்று. மரம் நடுவதோடு மடலை மூடி வைத்துவிடாமல், நம் அன்பியக் கூட்டங்களில் 152ஆம் பத்தியை நாபோத்தின் கதையோடு சேர்த்து வாசிப்போம். வாசித்தபின் நம் பங்கின் எல்லைக்குள் யார் எங்கே குடியிருக்கிறார்கள், ஏன் அங்கே குடியிருக்கிறார்கள் என்று கேட்போம். அக்கேள்வியைக் கேளாத வாசிப்பு பக்தியாகலாம்; நீதியாகாது.