குதிரைகளை யாரும் கூப்பிடவில்லை

ராக் பாட்டில் வீராப்புக்கா பஞ்சம்? ஊரை எரிப்பேன், விலங்கை உடைப்பேன் என்று கத்தாத பாடகர் யார்? எனக்கு அலுத்தே போயிருந்தது. பட்டி ஸ்மித்தின் ‘ஹார்சஸ்’ கேட்கும்வரைதான் அந்த அலுப்பு. 1975இல் வந்த ஆல்பம். அடேயப்பா, என்ன ஒரு திமிர்!

முதல் பாட்டு ‘குளோரியா’. ‘தெம்’ குழுவுக்காக வான் மாரிசன் எழுதியது. ஒருத்தியை நினைத்து ஓர் ஆண் உருகும் பாட்டு. ஸ்மித் அதற்கு முன்னால் தன் கவிதையைச் சேர்க்கிறார். என் பாவத்தை நானே சுமக்கிறேன், இரட்சகர் வேண்டாம் என்கிற தொனி. இதை மத நிந்தனை என்பவர்கள் உண்டு. எனக்கோ அது பொறுப்பேற்றுக்கொள்ளும் குரலாகத்தான் கேட்கிறது. பிறகு குளோரியாவுக்காக ஏங்குகிறார். பாடுவது பெண், ஏங்குவதும் பெண்ணுக்காக. ஆணாகப் பாடுகிறாரா, பெண்ணாகவா? விளக்கம் கிடையாது. அந்த விளக்கமின்மைமீது எனக்குப் பெருங்காதல்!

‘ரெடோண்டோ பீச்’ கொஞ்சம் தொய்வுதான், போகட்டும். ‘லேண்ட்’ பாட்டுக்கு வருவோம். ஒன்பது நிமிடத்துக்கும் மேல். ஜானி என்றொரு பையன். இன்னொருவன் அவனை லாக்கரில் மோதி நசுக்குகிறான். அப்போதுதான் நாலா பக்கமும் குதிரைகள். குதிரை என்றால் சுதந்திரம் என்று சுலபமாகப் பொருள் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. ஜானி அவற்றை அழைக்கவே இல்லையே! தப்பி ஓட இடமில்லாதவனுக்குள்ளிருந்து அவை தாமாகக் கிளம்புகின்றன. எடுத்து மாட்டிக்கொள்ளும் வேஷமல்ல இந்தக் காட்டுத்தனம். அடித்தும் அடங்காமல் அவனுக்குள் எஞ்சியிருப்பது.

அங்கிருந்து சட்டென்று கிறிஸ் கென்னரின் 1962ஆம் ஆண்டு நடனப் பாட்டுக்குள் தாவுகிறார். ட்விஸ்ட், போனி, வாட்டூசி என்று அமெரிக்கப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி ஆடிய அடவுகள். போனி என்பது மட்டக்குதிரை ஆயிற்றே! நடன மேடையில் பழக்கிய அந்தச் சாதுக் குதிரை, கடிவாளம் அறுத்தோடும் கூட்டத்தில் கலந்துவிடுகிறது. இதைப் பிடித்த நாளன்று நான் நாற்காலியிலிருந்து எழுந்து கத்தினேன்.

போதாக்குறைக்கு, தயாரிப்பாளர் ஜான் கேல். நியூயார்க்கின் எலெக்ட்ரிக் லேடி ஸ்டூடியோவில் செய்த ஒலிப்பதிவு. குரல்மேல் குரல் அடுக்கி, ஒரே ஸ்மித் இரண்டு மூன்று பேராகப் பேசுகிறார். எது அவருடைய உண்மைக் குரல்? அத்தனையும்தான்!

ராபர்ட் மேப்பிள்தார்ப் எடுத்த அட்டைப்படத்தைப் பாருங்கள். வெள்ளைச் சட்டை, தோளில் கறுப்புக் கோட்டு, கலைந்த தலை. படத்தைத் திருத்தி அழகாக்கலாம் என்ற யோசனைக்கு ஸ்மித் இசையவில்லை. பின்னே!

‘லேண்ட்’ முடிந்ததும் ‘எலிஜி’ இருக்கிறது, நல்ல பாட்டுதான். பெரும்பாலும் அதுவரை நான் போவதில்லை. ஜானியிடமே திரும்பிவிடுகிறேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக வைத்து.