கட்டுமரமும் நாவாயும்

ஆங்கிலேயர் இயல்பாக வழங்கும் சொற்களுள் 'கேட்டமரன்' என்பதும் ஒன்று. இரண்டு படகுடல்களை இணையாக நிறுத்தி, மேலே ஒரே தளம் பொருத்திய கலத்தை அது குறிக்கும். இச்சொல் தமிழ்க் 'கட்டுமரம்' என்பதன் திரிபு. இதில் ஐயத்திற்கு இடமே இல்லை. ஆயினும் இவ்வுண்மையைச் சுற்றி நம் வகுப்பறைகளிலும் ஏடுகளிலும் வளர்ந்துவிட்ட கற்பனைகள் சில உள. அவற்றைக் களைந்தாலன்றி உண்மையின் அருமை விளங்காது.

கட்டுமரம் என்பது பெயரளவிலும் பொருளளவிலும் கட்டிய மரமே. இலேசான மரக்கட்டைகள் சிலவற்றை அடுக்கிக் கயிற்றால் பிணைப்பர். அதற்கு உட்குழிவு இல்லை. ஆதலின் நீர் நிரம்பி மூழ்கும் அச்சமும் இல்லை. மேலேறிய அலை கட்டைகளின் இடுக்கு வழியே வடிந்துவிடும். கரை சேர்ந்தபின் கட்டவிழ்த்துக் கட்டைகளை உலர வைப்பர். அலை ஓயாது மோதும் சோழமண்டலக் கரைக்கு இதனினும் பொருத்தமான மிதவை இருந்திருக்க முடியுமா?

சென்னையில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைத் துறைமுகம் எழும்வரை, பெருங்கப்பல்கள் கரைக்குத் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. கரைக்கும் கப்பலுக்கும் இடையே கடிதம் கொண்டு சென்றவர்கள் கட்டுமரக்காரர்கள். ஓலையால் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தை வைத்து, உடல் முழுதும் நனைந்தாலும் கடிதம் நனையாமல் சேர்ப்பித்தனர். வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி, 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் இம்மிதவையைப் பெயர் சுட்டி எழுதினார். அதில் செல்பவன் கால் எப்போதும் நீரிலேயே இருப்பதையும் குறிக்கத் தவறவில்லை. 'மரம்' என்பதன் ஈற்று மகரம் ஆங்கிலேயர் வாயில் னகரமாயிற்று.

பிறகு அச்சொல் போன போக்கு வியப்பானது. 1804இல் பிரெஞ்சுத் துறையான புலோனின்மீது ஆங்கிலக் கடற்படை ஏவிய வெடிமிதவைகளுக்கு இப்பெயர் சூட்டப்பட்டது. சண்டைக்காரப் பெண்ணையும் 'கேட்டமரன்' என்று ஏசும் வழக்கு 19ஆம் நூற்றாண்டில் இருந்தது. சொல்லின் முற்பகுதி அவர்கள் காதில் பூனையாக ஒலித்ததே இதற்குக் காரணம் போலும். 1876இல் நத்தனேல் ஹெரஷாஃப் என்னும் அமெரிக்கர் 'அமரில்லிஸ்' என்ற இரட்டையுடல் பாய்க்கலத்தை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டி ஏனைய கலங்களை முந்தினார். மற்றவர்கள் மறுப்புத் தெரிவிக்கவே, வெற்றி அவருக்குக் கிட்டாமற் போயிற்று. அத்தகைய கலத்தின் பெயராகவே சொல் இன்று நிலைத்துள்ளது.

இங்கேதான் முதற்பிழை நுழைகிறது. சொல் தமிழருடையது, இரட்டையுடல் அமைப்போ பசிபிக் தீவினரின் கைவண்ணம். இரண்டையும் ஒன்றாக்கி, இன்றைய விரைவுக் கலத்தையே தமிழர் கண்டுபிடித்தனர் என்று கற்பிப்பது தீவினரின் உடைமையை நமதாக்கிக் கொள்வதாகும்.

இரண்டாம் பிழை இதனினும் பெரிது. இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் கட்டுமரங்களிலே படையேற்றி வந்து கடாரத்தை வென்றான் என்று எழுதுவோர் உளர். பேராக்கிற்கு அண்டை மாநிலமான கெடாவே அக்கடாரம் என்பதால் இங்குள்ள மாணவர்க்கு இச்செய்தி தித்திக்கும். ஆனால் அம்மன்னனின் மெய்க்கீர்த்தி 'கலம்' என்றே கூறுகிறது; கட்டுமரம் என்று கூறவில்லை. யானையும் வீரரும் உணவும் ஏற்றி வங்கக் கடலைக் கடக்க, காலை நீரில் நனைக்கும் மிதவை எவ்வாறு உதவும்? கரையோரத்தில் மீன்பிடித்தவன் கருவியை அரசனின் படைக்கலமாக உயர்த்தினால்தான் பெருமை என்று எண்ணுவானேன்?

மூன்றாவது, 'நேவி' என்னும் ஆங்கிலச் சொல் 'நாவாய்' என்பதிலிருந்து பிறந்தது என்ற கூற்று. நாவாய் பழஞ்சொல்லே. புறநானூற்று 66ஆம் பாட்டில் வருகிறது. 496ஆம் குறளிலும் வருகிறது. ஆனால் 'நேவி' இலத்தீன் 'நாவிஸ்' வழிவந்தது. அதன் உறவுச் சொற்கள் கிரேக்கம், வடமொழி, அர்மீனியம், பழைய ஐரிசு ஆகியவற்றில் எல்லாம் பரவியுள்ளன. ஒரு குடும்பம் முழுதும் வேரோடி நிற்கும் சொல்லை ஒலியொப்புமை ஒன்றே கொண்டு பெயர்த்துவிட இயலாது. நாவாயே வடபுலத்திலிருந்து தமிழுக்கு வந்தது என்று கொள்வோரும் உளர்.

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறது. அங்கே ஆங்கில ஆசிரியரிடம் 'நேவி' எங்கள் சொல் என்று சொல்கிறது. ஆசிரியர் அகராதியைப் பிரித்துக் காட்டுகிறார். மறுநாள் அப்பிள்ளை கட்டுமரத்தைப் பற்றி மெய்யைச் சொன்னாலும் யார் நம்புவார்? அதைவிட, தமிழாசிரியர் சொன்ன மற்றவற்றையும் அப்பிள்ளையே நம்புமா?

உண்மையான சான்றுகளுக்கோ பஞ்சமில்லை, காலடியிலேயே கிடக்கின்றன. தோட்டத்தில் வேலையாள்களை மேற்பார்த்தவரைத் 'தண்டல்' என்றனர். கப்பலாள்களின் தலைவனுக்கும் அதுவே பெயர். ஆங்கிலேயர் அதனை 'டிண்டல்' என எழுதிக்கொண்டனர். மலாய்மொழியின் 'காப்பால்' நம் 'கப்பல்' என்பது அறிஞர் ஒப்பிய முடிபு. மலாய்க்காரர் வானூர்தியைக் 'காப்பால் தெர்பாங்' என்கின்றனர். அதாவது பறக்கும் கப்பல். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் வாரிய மிதவைப்பொறியோ 'காப்பால் கோரெக்', தோண்டும் கப்பல். பத்து காஜாவை அடுத்த தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்த ஐந்தாம் எண் பொறி பின்னர் காட்சிப்பொருளாக்கப்பட்டது. கடலையே காணாமல், தானே தோண்டிய குளத்தில் 44 ஆண்டுகள் மிதந்த அந்த இரும்பு மாளிகைக்கும் தமிழ்க் கடலோடியின் சொல்லே பெயராயிற்று.

கட்டுமரமோ தன் சொந்தக் கரையிலேயே அருகி வருகிறது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டு மீனவரிடையே கண்ணாடியிழைப் படகு பெருகிவிட்டது.