படங்கு: தேயிலை மலையின் இடுப்புடை

பிலிப்பைன்ஸின் கொர்டில்லேரா மலைப் பெண்கள் கையால் நெய்து இடுப்பில் சுற்றும் தாபிஸை அருங்காட்சியகங்கள் பாதுகாக்கின்றன. இலங்கையின் பதுளைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் பெண்கள் சேலைக்கு மேல் காப்பாகச் சுற்றும் படங்கோ, லயம் எனும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பின் கொடியில் காய்கிறது. அதை ஓர் ஆடையாகவே யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்க வேண்டிய ஆடை அது.

தொடக்கத்தில் நெய்த துணிதான் இருந்தது. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் தோட்டங்கள் தொழிலாளருக்குக் கம்பளி கொடுத்து, அதன் விலையை அவர்கள் கணக்கிலேயே எழுதின. தலையில் மடித்துப் போட்டால் அது கொங்காணி. பின்னர் சணல் சாக்கு வந்தது, அதன் பின் பிளாஸ்டிக். உரப்பையைப் பிரித்துக் கட்டுபவர்களும் உண்டு.

கட்டும் விதத்தில்தான் பெண்களின் கைத்திறன் தெரிகிறது. மேல்விளிம்பை ஒரு மடி மடித்து, சேலைக்கு மேலே இடுப்பைச் சுற்றி, கயிற்றால் இறுக்குவார்கள். ஒரு பக்கம் திறப்பு இருப்பதால் சரிவில் கால் எட்டிவைக்கத் தடையில்லை. இடுப்பளவு செடிகளைத் தள்ளிக்கொண்டு நிரைக்குள் நுழையும்போது வாது (கிளை) குத்துவதையும் காலைப்பனி தொடை வரை நனைப்பதையும் இந்த ஒற்றை விரிப்புத் தாங்கிக்கொள்கிறது. தையல்காரர் யாரும் வரைந்து கொடுக்காத வடிவம் இது. வேலையே வெட்டிக் கொடுத்தது.

ஆனால் குறைகள் சிறியவை அல்ல. சாக்கு நனைந்தால் கனக்கும். முதுகில் கூடை நிறைய நிறைய இடுப்பிலும் சுமை கூடும். பிளாஸ்டிக் நனையாது, ஆனால் வியர்வையை வெளியே விடாது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை, பதுளை அடங்கிய ஊவாவில் வறண்ட கச்சான் காற்று வீசும். அந்தப் பருவக் கொழுந்தின் மணத்துக்குத்தான் உலகச் சந்தையில் தனி மதிப்பு. அந்த வெயிலிலும் இடுப்புக்குக் கீழே புழுங்கிக்கொண்டு நிற்பவள் கொழுந்தெடுப்பவள். மழைக்காலத்தில் அட்டையோ காலிலிருந்து ஏறுகிறது. படங்கால் அதைத் தடுக்க முடியாது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய குறை, பாதுகாப்புச் சாதனத்தைப் பெண்ணின் சொந்த உடுப்பாக ஒதுக்கிவிட்டதுதான். 1000 ரூபாய் நாட்சம்பளம் 2021இல் வர்த்தமானியில் வரும்வரை போராடியவர்கள் படங்கையும் தங்கள் காசில் தேட நேர்ந்தால் அது அநியாயம்.

ஹப்புத்தளைக்குப் பயணிகளை அழைக்கும் படங்களில் பளிச்சென்ற சேலை தெரியும், படங்கு அநேகமாகத் தெரியாது. மேம்பட்ட படங்கு எப்படி இருக்கலாம்? வாது உரசும் முன்பக்கத்துக்குத் தடித்த துணி, பின்பக்கத்துக்குக் காற்றுப் புகும் மெல்லிய துணி, கயிற்றுக்குப் பதில் அகன்ற பட்டி: இதை நெய்ய இலங்கைக் கைத்தறிகளால் முடியும். அளவு சொல்லப் பசறையிலும் தெமோதரையிலும் பெண்கள் இருக்கிறார்கள்.