விட்ட இடத்திலிருந்து தொடர்வது

1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர், ஒரே நேரத்தில் பல செயல்களில் கவனம் செலுத்தும் சதாவதானம் நிகழ்த்தினார். அவதானத்தை வெறும் நினைவாற்றல் வித்தை என்பார்கள். நினைவு அதில் பாதிதான். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், இன்னொருவர் கணக்குப் போடச் சொல்வார், முதுகில் கல் விழுந்துகொண்டே இருக்கும், எங்கோ மணி ஒலிக்கும். அவதானிக்கு இருப்பதோ ஒரே வாய், ஒரே மனம். அவர் ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதில்லை. ஒருவருக்கு ஓர் அடி சொல்லி நிறுத்துவார், அடுத்தவரிடம் திரும்புவார், சுற்றி வந்து விட்ட சீரிலிருந்து தொடர்வார். ஒரு பாட்டின் சீர் இன்னொன்றில் கலக்காது. அந்தத் திரும்பி வரும் கணத்துக்காகத்தான் சபை மூச்சடக்கிக் காத்திருக்கும். இணைய சர்வர் ஒன்று ஆயிரம் கோரிக்கைகளை ஒரே நேரத்தில் நடத்துவதும் இதே கலைதான். அதில் ரசிக்க வேண்டியது வேகமும் அல்ல. பாதியில் நிறுத்திய வேலைக்குக் கலப்படமில்லாமல் திரும்பி வரும் ஒழுங்கே அதன் அழகு என்பது என் கட்சி.

அந்த மண்டபத்துக்கு எட்டும் தூரத்தில் உள்ள மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்துதான் கும்மிடிப்பூண்டி மின்ரயில்கள் கிளம்புகின்றன. அந்தப் பக்கத்துப் பெரியபாளையத்தில், ஆரணி ஆற்றங்கரையில் இருக்கிறது பவானி அம்மன் கோயில். ஆடி ஞாயிறுகளில் அதன் வாசல் கடைகளில் நூறு கைகள் ஒரே சமயத்தில் போனை நீட்டும். வேப்பிலைக்கும் மாலைக்கும் தேங்காய்க்கும் பணம் போகிறது. வாங்கியவர் போனில் பச்சைக் குறி வந்து சில நொடி கழித்தே கடையின் சவுண்ட் பாக்ஸ் தொகையைச் சொல்கிறது. அந்த இடைவெளியைக் கவனித்தால் கலையின் பாதி புரியும். ஒரு கோரிக்கையின் ஆயுளில் பெரும்பகுதி கணக்கிடுவதில் கழிவதில்லை. வங்கியிடமிருந்தோ டேட்டாபேஸிடமிருந்தோ பதில் வரும்வரை காத்திருப்பதிலேயே கழிகிறது. பழைய முறையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் ஆளை, அதாவது நிரலின் ஓர் இழையை, நிறுத்தினார்கள்; அந்த ஆளும் சும்மா காத்திருந்தார். ஒரே சர்வர் பத்தாயிரம் இணைப்புகளைத் தாங்குவது எப்படி என்ற கேள்வியை 1999இல் டான் கெகல் கூர்மையாக எழுப்பினார். 2004இல் இகோர் சிசோயெவ் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் சர்வர் அதற்கு ஒரு விடை. 2015இல் பைத்தான் 3.5 மொழிக்குள்ளேயே ‘அவெய்ட்’ (காத்திரு) என்ற சொல்லைச் சேர்த்தது. நிரலில் அந்தச் சொல் நிற்கும் இடம்தான் அவதானி ஓர் அடியை நிறுத்திவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்பும் இடம்.

நிறுத்தும் இடத்தில்தான் தப்பும் நுழைகிறது. கடைக்காரர் கணக்கில் 1000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் ஒரே நொடியில் ஆளுக்கு 50 ரூபாய் அனுப்புகிறார்கள். முதல் வேலை 1000 என்று படித்துவிட்டு எதற்கோ காத்து நிற்கிறது. அந்த இடுக்கில் இரண்டாவது வேலையும் 1000 என்றே படிக்கிறது. இரண்டும் 1050 என்று எழுதிவைக்கின்றன. 50 ரூபாய் காணாமல் போயிற்று. ஓடுவது ஒரே இழைதானே, மோதல் எங்கிருந்து வரும் என்று புதிதாக எழுதுகிறவர்கள் நம்புகிறார்கள். ‘அவெய்ட்’ வருகிற ஒவ்வொரு வரியிலும் வரலாம். கைதேர்ந்தவர் ‘1050 என்று எழுது’ என்று டேட்டாபேஸிடம் சொல்வதில்லை. ‘இருப்பதோடு 50 சேர்’ என்கிறார். இரண்டுக்கும் ஒரு வரிகூட வித்தியாசமில்லை. ஆனாலும் எழுதியவரின் தரம் அங்கே தெரிந்துவிடும். பதில் அனுப்பிய பிறகு செய்யும் பின்னணி வேலைகளைப் பங்கிட்டுக்கொள்வதிலும் இப்படி ஒரு நயம் உண்டு. கோயில்களில் முடியிறக்கும் மண்டபத்தைப் பாருங்கள். கை ஓய்ந்த தொழிலாளி பக்கத்து ஆள் மழித்துக்கொண்டிருக்கும் தலையைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. யாரும் தொடாத அடுத்த சீட்டை வாங்கிக்கொள்கிறார். 2016இல் வந்த போஸ்ட்கிரஸ் 9.5 டேட்டாபேஸின் ‘ஸ்கிப் லாக்ட்’ செய்வது இதுதான்: இன்னொருவர் பூட்டிய பதிவைத் தாண்டி அடுத்ததை எடு. ஒரே வேலையை இருவர் எடுப்பதுமில்லை, ஒருவருக்காக இன்னொருவர் நிற்பதுமில்லை.

வேலையை எடுத்த ஆள் நடுவில் விழுந்துவிட்டால்? பல நிரல்கள் தோற்பது இங்கேதான். பதிலை அனுப்பிவிட்டு மீதியை சர்வரின் நினைவகத்திலேயே ஓட விடுவது எளிது. ஆனால் சர்வர் மறுதொடக்கமானால் அந்த வேலை இருந்த சுவடே இராது. ஆகவே வேலையை முதலில் டேட்டாபேஸில் எழுதிவைத்து, பிறகுதான் தொட வேண்டும். ‘ஒவ்வொரு வேலையும் ஒரே ஒரு முறைதான் நடக்கும் என்று உறுதி தந்து வேலைகளை ஒவ்வொன்றாகக் கொடுக்கும் கியூக்கள் இருக்கின்றனவே’ என்பார்கள். பணத்தை வரவு வைத்துவிட்டு, ‘முடித்தேன்’ என்று சொல்வதற்கு முன் ஓர் ஆள் செத்துப்போனால், கியூவுக்குத் தெரிவது மௌனம் மட்டுமே. வேலை நடந்தபின் வந்த மௌனமா, நடக்காமல் வந்த மௌனமா என்று அதனால் பிரித்தறிய முடியாது. மறுபடி கொடுக்கத்தான் வேண்டும். எனவே இரண்டு முறை செய்தாலும் ஒரு முறை செய்த பலனே கிடைக்கும்படி வேலையை அமைப்பதுதான் வழி: ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண், அந்த எண் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் இரண்டாவது வரவு கிடையாது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கருத்து இது. தவறே நடக்காது என்று நம்பாமல், நடந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லாதபடி முன்னாலேயே வழி செய்துவைக்கிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: வேலை முடிவதற்கு முன்பே பதில் சொல்வது பொய்யில்லையா? முடிந்தது என்று சொன்னால் பொய்தான். ஆனால் இணைய நெறிமுறையில் ‘முடிந்தது’ என்னும் 200 வேறு, 202 வேறு. இரண்டாவதன் பொருள் ‘ஏற்றுக்கொண்டேன், இன்னும் முடிக்கவில்லை’ என்பது மட்டுமே. அந்த இடைநிலையை நம் நாட்டில் விதியே ஒத்துக்கொண்டிருக்கிறது. 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி, யூபிஐயில் ஒருவர் கணக்கிலிருந்து கழிந்த பணம் இன்னொருவர் கணக்கில் சேராவிட்டால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தி உறுதி கிடைக்காவிட்டால் ஐந்து நாள் அவகாசம். அதற்கு மேல் தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. காத்திருப்புக்குக் கெடு வைத்து, கெடு மீறினால் விலையும் வைத்திருக்கிறார்கள். கெடு இல்லாமல் எழுதப்படும் பின்னணி வேலையை நான் அரைகுறை என்றே சொல்வேன்.

சிறிய தளத்துக்கு இத்தனை ஏற்பாடு எதற்கு என்று கேட்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. வெளியாரைக் கேட்க வேண்டியில்லாத, சில மில்லிநொடியில் முடிகிற வேலையை அங்கேயே முடித்துவிடுவதே நல்ல கைவேலை. வெளியே ஒரு வங்கி காத்திருக்க வைக்கும்போதுதான் மற்றதெல்லாம் தேவைப்படுகிறது. பெரியபாளையத்துக் கடையில் பணம் கழிந்தும் சவுண்ட் பாக்ஸ் பேசாவிட்டால் உடனே இரண்டாம் முறை அனுப்பாதீர்கள். நீங்கள் மறுபடி அனுப்புவது புது எண்ணோடு போகும். அதை எந்த சர்வரும் பழையதன் மறுபதிப்பாகக் கண்டுகொள்ளாது. முதல் பரிவர்த்தனையின் 12 இலக்க எண் உங்கள் போனில் இருக்கும், அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.