விசும்பு: பழஞ்சொல்லின் பொருளும் தங்கவயலின் ஆழமும்

வான், வானம், விண், ஆகாயம், விசும்பு எனத் தமிழில் மேலுள்ள வெளியைக் குறிக்கும் சொற்கள் பல. இவற்றுள் விசும்பு என்பது சங்க நூல்களிலும் திருக்குறளிலும் பரவலாக வழங்கிப் பின்னர் பேச்சு வழக்கிலிருந்து விலகி, இன்று பெரும்பாலும் உரைநூல்களிலும் அகராதிகளிலும் வாழும் சொல்லாகும். தேம்பி அழுதலைக் குறிக்கும் விசும்புதல் என்னும் வினை அன்றாட வழக்கில் நிலைத்துவிட்டதால், இச்சொல்லைக் கேட்கும் இன்றைய வாசகர் முதலில் அழுகையையே எண்ணுவதும் உண்டு. ஆயினும் அதன் பழைய பொருட்பரப்பு மிக அகன்றது. அப்பரப்பின் ஒரு பகுதியை மண்ணுக்குள் இறங்கி அளந்த இடமாகக் கோலார் தங்கவயல் விளங்குவதால், சொல்லாய்வும் அறிவியல் வரலாறும் இங்கே ஒன்றையொன்று தொடுகின்றன.

திருக்குறளில் இச்சொல் மூன்று நிலைகளில் ஆளப்படுவதைக் காணலாம். வான்சிறப்பு அதிகாரத்தின் 16ஆம் குறளில் அது மழைத்துளியின் பிறப்பிடம்; அத்துளி விழாவிட்டால் பசும்புல்லின் தலையைக்கூடக் காண இயலாது. நீத்தார் பெருமையில் வரும் 25ஆம் குறளில் அது இந்திரன் தலைமை தாங்கும் தேவர்களின் உறைவிடம். குடிமை அதிகாரத்தின் 957ஆம் குறளிலோ அது நிலவும் அதன் மறுவும் எல்லோர் கண்ணிலும் படும்படி விளங்கும் வெளி. மழை தரும் வான், தேவர் வாழும் உலகு, ஒளிப்பொருள்கள் இயங்கும் வெளி ஆகிய மூன்றையும் ஒரே சொல் தாங்கி நிற்கிறது.

இவற்றினும் ஆழமான நான்காம் பொருள் ஐம்பூதக் கோட்பாட்டில் வெளிப்படுகிறது. நிலம், தீ, நீர், வளி, விசும்பு ஆகிய ஐந்தும் கலந்ததே உலகம் என்பது தொல்காப்பிய மரபியலின் கருத்து. வளி என்பது காற்று. சேரமான் பெருஞ்சோற்று உதியன் சேரலாதனை முரஞ்சியூர் முடிநாகராயர் பாடிய புறநானூற்று 2ஆம் பாட்டு, நிலத்தோடு விசும்பையும், விசும்போடு காற்றையும், காற்றோடு தீயையும், தீயோடு நீரையும் தொடர்புபடுத்தி ஐந்தையும் ஒரு சங்கிலியாகக் கோக்கிறது. கீரந்தையார் இயற்றிய பரிபாடல் 2ஆம் பாடல், பூதங்கள் வானில் தொடங்கி நிலம் வரை முறையே தோன்றிய ஊழிகளை விரிக்கிறது. ஊழி என்பது நெடுங்காலப் பிரிவு. இச்சான்றுகளின்படி விசும்பு தலைக்கு மேல் கவிந்த நீலக்கூரை மட்டுமன்று, உலகின் ஆக்கத்தில் பங்குபெற்று மற்றப் பூதங்களோடு கலந்து நிற்கும் ஒரு பூதமுமாகும்.

அதனை அளக்கும் முயற்சியும் பழமையானதே. சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 30ஆம் பாட்டு, ஞாயிறு செல்லும் வழியையும், அதன் வேகத்தையும், அது சுற்றும் வட்டத்தையும், காற்று வீசும் திசையையும், பற்றுக்கோடின்றி நிற்கும் ஆகாயத்தையும் நேரில் போய் அளந்து வந்தவர்போல் இவ்வளவு என்று கணித்துச் சொல்லும் அறிஞர் இருந்ததைக் குறிப்பிடுகிறது. இப்பாட்டில் ஆகாயம் காயம் என்னும் வடிவில் வருகிறது. வானை அளக்கலாம் என்ற துணிவு அக்காலச் சமூகத்தில் இருந்தது என்பதற்கு இது போதிய சான்று.

அத்துணிவு நம் காலத்தில் மண்ணுக்கடியில் தொடர்ந்த இடம் கோலார் தங்கவயல். அங்கே ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880 முதல் தங்கம் தோண்டியது. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர் அச்சுரங்கங்களின் முதுகெலும்பாக இருந்தனர். அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய தமிழன் இதழ் அவர் மறைவுக்குப் பின் தங்கவயலிலிருந்து வெளிவந்தது என்பதிலிருந்து அவ்வூரின் தமிழ் அறிவு வாழ்வை உணரலாம். அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது. அந்த ஆழமே இயற்பியலாளரை அங்கே ஈர்த்தது.

விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள், அதாவது மிகுந்த ஆற்றலுடைய துகள்கள், வளிமண்டல அணுக்கருக்களில் மோதும்போது மியூவான், நியூட்ரினோ என்னும் துகள்கள் பிறக்கின்றன. மியூவான்கள் பாறையில் ஆற்றலை இழந்து படிப்படியாக நின்றுவிடும். நியூட்ரினோக்களோ அரிதாகவே எதனோடும் வினைபுரிவதால் பூமியையே ஊடுருவிச் செல்லும். டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பி.வி. ஸ்ரீகண்டன் முதலியோர் 1950களின் தொடக்கத்திலிருந்து இச்சுரங்கங்களில் வெவ்வேறு ஆழங்களில் மியூவான்களை எண்ணினர். 1960களின் தொடக்கத்தில் 2,700 மீட்டருக்கும் கீழே வைக்கப்பட்ட கருவியில் இரண்டு மாதமாகியும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. மேலிருந்து வரும் மியூவான்களின் இரைச்சல் அடங்கிய அத்தகைய ஆழம், நியூட்ரினோவைத் தேடுவதற்கு ஏற்ற இடம் என்று உறுதியாயிற்று.

அதன்பின் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவை இணைந்து, ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவின. துகள் பட்டால் ஒளிரும் பிளாஸ்டிக் பலகைகள் இரு செங்குத்துச் சுவர்களாக நிற்க, அவற்றின் நடுவே நியான் குழாய்களும் ஈயத் தகடுகளும் அடுக்கப்பட்டன. செங்குத்து அமைப்புக்குக் காரணம் உண்டு. மேலிருந்து சாய்வாக வரும் மியூவான் மேலும் பல கிலோமீட்டர் பாறையைக் கடக்க வேண்டியிருப்பதால், ஏறத்தாழக் கிடைமட்டமாக ஒரு மியூவான் குறுக்கே சென்றால், அது நேரே வானிலிருந்து வந்ததாக இராது. அருகிலுள்ள பாறையில் ஒரு நியூட்ரினோ மோதியதால் அங்கேயே பிறந்ததாகத்தான் இருக்க முடியும். வளிமண்டல நியூட்ரினோவின் இத்தடயத்தைக் கண்ட செய்தி 1965 ஆகஸ்டில் வெளியானது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ஃபிரெடரிக் ரைன்ஸ் குழுவும் அதே ஆண்டில் இதே முடிவை எட்டியது. 1980களில் புரோட்டான் சிதைவைத் தேடும் ஆய்வும் தங்கவயலில் நடந்தது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது.

சங்கப் புலவர் துகள் இயற்பியலை அறிந்திருந்தனர் என்று இதைக்கொண்டு வாதிடுவது பிழை. அவர்களுடைய பெருமைக்கு அத்தகைய வாதம் தேவையுமில்லை. விசும்பு மண்ணோடு கலந்து நிற்பது என்ற கருத்து அவர்களுடைய மெய்யியல்; வானில் பிறந்த துகள்கள் பாறைக்குள்ளும் வந்துசேர்கின்றன என்பது கருவிகள் காட்டிய உண்மை. வெவ்வேறு வழியில் அடைந்த இவ்விரண்டையும் ஒரே பாடத்தில் வைத்துப் படிப்பிக்கும் வாய்ப்பு தமிழுக்கு இருக்கிறது. வான் வானிலையிலும் வானொலியிலும், விண் விண்கலத்திலும் விண்மீனிலும் புதுவாழ்வு பெற்றிருக்க, விசும்பு மட்டும் கலைச்சொல்லாக்கத்தில் ஒதுங்கி நிற்கிறது. ஜெயமோகன் தம் அறிவியல் சிறுகதைத் தொகுப்புக்கு இப்பெயரைச் சூட்டியதிலிருந்து இச்சொல் இன்னும் உயிரோடிருப்பது புலனாகிறது. கலைச்சொல் ஆக்குவோர் இதனை மீண்டும் எடுத்தாள வேண்டும். தங்கவயல் ஆய்வுகளின் வரலாறும், சுரங்கங்களைத் தோண்டி அவ்வாய்வுகளுக்கு இடமளித்த தொழிலாளரின் பங்கும், நேரில் கண்டவர்கள் இருக்கும்போதே தமிழில் முழுமையாக எழுதப்பட வேண்டும்.