பங்காளிகள் காத்த கிராமம்

கோலாலம்பூரின் நடுவே, 452 மீட்டர் உயர பெட்ரோனாஸ் கோபுரங்களின் காலடியில், கம்போங் பாருவின் பலகை வீடுகள் இன்னும் கால்தூண்கள் மேல் நிற்கின்றன. தரைக்கும் வீட்டுக்கும் இடையே காற்று புகுந்து போகும். வெள்ளம் வந்தாலும் வீட்டுக்கு அடியில் ஓடிப்போய்விடும். இந்த அழகைக் காத்தது மரபுப்பற்று என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1900 வாக்கில் ஆங்கிலேய நிர்வாகம் மலாய்க்காரர்கள் பயிர்செய்து வாழ ஒதுக்கிய நிலம் இது. விவசாயம் என்னவோ தழைக்கவில்லை. நிலம் மலாய்க்காரருக்கே என்ற விதி மட்டும் நிலைத்தது. தலைமுறைதோறும் பாகம் பிரிந்து, ஒரே மனைக்குப் பல வாரிசுகள். எல்லோரும் கையெழுத்திட்டால்தானே முழு மனையும் கைமாறும்? கட்டுமான நிறுவனங்கள் வாசலிலேயே நின்றன. பங்காளிச் சண்டைக்கு இப்படியும் ஒரு பலன்!

அதே சிக்கல்தான் கூரையை ஒழுகவிடுகிறது, பழுதுபார்க்க யாரும் முன்வருவதில்லை, விலையும் அக்கம்பக்கத்தைவிடக் குறைவு என்பது நியாயமான மறுப்பு. ரசிக்க வருபவனுக்கு உரிமையாளரின் நட்டம் தெரியாது. ஆனாலும் தீர்வு என்று சொல்லப்படுவது பெரும்பாலும் அடுக்குமாடிதான். வாரிசுகளின் பங்கை விட்டுக்கொடுக்காமலே பழுதுபார்ப்புக்கு மட்டும் பொதுநிதி தருவதில் என்ன தடை?